பின்னர் ஒரு மோதல் நிகழ்கிறது

ஜனவரி 11

இக்கடிதத்தில் உள்ளவை:
1. நலம்.
2. உன் சிக்கலை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்பது.
3. நீ கேட்ட கருத்துகள், மூன்று.
4. அவற்றைப் பற்றி எனக்கே உள்ள ஐயம்.

அன்புள்ள மகளுக்கு,

பெரியப்பாவின் ஆசிகள். இங்கே நானும் உன் பெரியம்மாவும் நலம். உன் இருமல் நின்றதா? குளிர்சாதனத்துக்கு நேர் கீழே உட்காருவதாக எழுதியிருந்தாய். நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்ள யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். நானாக இருந்தால் கேட்டிருப்பேன். அது வேறு விஷயம்.

இரண்டாவது. நான் புரிந்துகொண்டது இவ்வளவு. உங்கள் நிறுவனம் ஒரு வீடியோ கேம் செய்கிறது. எரிந்துபோன ஊரிலிருந்து ஒரு சிப்பாய் தன் தாயை அழைத்துக்கொண்டு மலைக்கணவாயைக் கடக்கிறான். வழியெல்லாம் கொள்ளையர்கள். அவன் சண்டையிடுகிறான். சண்டைகளுக்கு நடுவே தாய் அவனிடம் பேசுகிறாள். அந்தப் பேச்சை எழுதுவது உன் வேலை. ஆனால் விளையாடிப் பார்க்க வந்தவர்கள், தாய் பேசத் தொடங்கியதும் பொத்தானை அழுத்திப் பேச்சைத் தாண்டிவிடுகிறார்கள். நீங்களெல்லோரும் 'கத்தரி' என்று அழைக்கும் உங்கள் தலைவர் இதைக் கண்டுபிடித்துவிட்டார். மே மாத இறுதியில் இன்னொரு சோதனை. அதிலும் இப்படியே நடந்தால் தாயின் பேச்சு வெட்டப்படும். அதோடு உன் வேலையும் போகும். சண்டையைவிடக் கதையே முக்கியம் என்று அவரிடம் எடுத்துச் சொல்ல, வலுவான கருத்துகள் வேண்டும் என்கிறாய்.

என்னைப் போய்க் கேட்டிருக்கிறாய். நான் பணியில் இருந்த காலமெல்லாம் செய்தது ஒன்றுதான்: படங்களின் பாட்டுப் புத்தகத்துக்கு ஒரு பக்கக் கதைச்சுருக்கம் எழுதி, முடிவைச் சொல்லாமல் 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று நிறுத்துவது. சண்டைகளுக்கென்று ஒரே வரி வைத்திருந்தேன்: 'பின்னர் ஒரு மோதல் நிகழ்கிறது.' எந்தப் படத்துக்கும் அதே வரி. ஒரு தயாரிப்பாளரும் குறை சொன்னதில்லை.

மூன்றாவது. கருத்துகள்:

ஒன்று: யார் யாரை அடித்தார் என்பது சண்டை. ஏன் அடித்தார் என்பது கதை. ஏன் என்று தெரியாவிட்டால் அது தெருச்சண்டை. அதை யாரும் காசு கொடுத்துப் பார்ப்பதில்லை.

இரண்டு: எந்தச் சண்டையையும் ஒரு வரியில் சுருக்கலாம். கதையை ஒரு பக்கத்துக்குச் சுருக்கவே எனக்கு ஒரு நாள் ஆகும். சுருக்கச் சுருக்க எது வலிக்கிறதோ அதில்தான் உயிர் இருக்கிறது.

மூன்று: ஓட்டமும் அடியும் கை கால்களின் வேலை. முடிந்ததும் மறந்துபோகும். கதை மனத்தின் வேலை. எல்லாம் போன பிறகும், கடைசிவரை நிற்பது கதைதான்.

நான்காவது. மூன்றும் சரி என்றுதான் இப்போது தோன்றுகிறது. எழுதி முடித்தவுடன் எனக்கு எல்லாமே சரி என்றுதான் தோன்றும். மறுநாள் காலையில்தான் குட்டு வெளிப்படும். ஆகவே இன்றே தபாலில் சேர்த்துவிடுகிறேன்.

வழக்கமாக அடியில் உன் பெரியம்மா எழுதும் இரண்டு வரி இம்முறை இல்லை. கைவலி. வேறொன்றுமில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
பெரியப்பா

*

ஜனவரி 30

அன்புள்ள பெரியப்பாவுக்கு வணக்கம். இருமல் நின்றுவிட்டது. நாற்காலியை நகர்த்தினேன், இப்போது நேர் எதிரே கத்தரியின் கண்ணாடி அறை. இருமலே தேவலை.

உங்கள் மூன்று கருத்துகளையும் கூட்டத்தில் படித்தேன். கத்தரி கேட்டுக்கொண்டே பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். சண்டைகளை அமைப்பவர் அவர் பக்கத்தில் இருந்தார். முன்பு சினிமாவில் கண்ணாடி உடைத்துக் குதித்தவர், இடது முழங்கால் மடங்காது, எல்லோருக்கும் அவர் மாஸ்டர். முதல் கருத்து முடிந்ததுமே அவர் ஆரம்பித்துவிட்டார்.

"தெருச்சண்டையை யாரும் காசு குடுத்துப் பாக்கறதில்லையா? ஏம்மா, வேலைக்கு லேட்டானாலும் பரவாயில்லைன்னு நின்னு பாக்கறாங்களே, அது காசு இல்லையா? உங்க பெரியப்பா எங்கயாவது ஒரு சண்டையை முழுசாப் பாத்திருக்காரா?"

நான் உண்மையைச் சொல்லிவிட்டேன், பெரியப்பா. படம் முடிவதற்கு முன்பே பாட்டுப் புத்தகம் அச்சாகிவிடும், கொடுத்த காகிதத்தை வைத்துத்தான் நீங்கள் சுருக்கம் எழுதினீர்கள், பிறகு படத்தைப் போய்ப் பார்க்கும் வழக்கம் உங்களுக்கு இல்லை என்று.

அறையே சிரித்தது. "சமைக்கிறவர் சாப்பிட்டதே இல்லையா!" என்றார் மாஸ்டர். அவர் கெட்டவர் இல்லை. வெளியே வந்ததும் என்னிடம் தேநீரை நீட்டி, "அந்த மூணாவது பாயிண்டு மட்டும் கொஞ்சம் உறுத்துச்சு. அவர் அதை எங்களுக்காக எழுதின மாதிரி தெரியலையே" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கத்தரி சொன்னது ஒரே வாக்கியம். "மே வரைக்கும் டைம் இருக்கு. அந்தம்மா வாயைத் திறந்தா விரல் பட்டனுக்குப் போகாம இருக்கணும். அவ்வளவுதான்."

விளையாட்டை ஒரு பெட்டியோடு உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். தொலைக்காட்சியில் சொருகவேண்டும். தயவுசெய்து விளையாடுங்கள். இனி யாரும் என்னை அப்படிக் கேட்கக்கூடாது.

பெரியம்மாவுக்குக் கைவலி என்றால் ஒரு கோடாவது கிறுக்கச் சொல்லுங்கள். 'ஒழுங்கா சாப்பிடு வாலு' இல்லாமல் உங்கள் கடிதம் அரசாங்கக் கடிதம் மாதிரி இருக்கிறது.

அன்புடன்,
வாலு

*

பிப்ரவரி 24

இக்கடிதத்தில் உள்ளவை:
1. நலம்.
2. பெட்டி வந்தது.
3. பாலத்திலிருந்து விழுந்தது.
4. ஒரு வெட்கக்கேடு.

அன்புள்ள மகளுக்கு ஆசிகள். நாங்கள் நலம். பதில் தாமதமானதற்குத் தனிக் காரணம் இல்லை.

பெட்டி உடையாமல் வந்தது. கீழ்வீட்டுத் தையற்காரம்மா வந்து கம்பிகளைச் சொருகிக் கொடுத்தார். "இந்த வயசுல உங்களுக்கு எதுக்குங்க இது?" என்று கேட்டார். ஆய்வுக்காக என்றேன். "ஆய்வா!" என்று ஊசியை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தார். பயமாக இருந்தது.

முதலில் ஒரு பாலம். அதன்மேல் உன் சிப்பாய் நேராக நடக்கவேண்டும், அவ்வளவே. என் கட்டைவிரல்கள் பயந்தவை. அவனும் என்னைப்போலவே ஓரத்தில் தயங்கி நின்று, தயங்கிய பக்கமாகவே விழுந்தான். மறுபடி. மறுபடி. உன் பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பையன் விழுந்துக்கிட்டே இருக்கான், யாராவது பிடிங்களேன்" என்றாள்.

நான்காவதை மறைக்க நினைத்தேன், மறைக்கக்கூடாது. பாலத்துக்கு முன்னால் தாய் தன் மகனுக்கு அவன் பிறந்த கதையைச் சொல்கிறாள். மிக நன்றாக எழுதியிருக்கிறாய். முதல்முறை என் கண் கலங்கியது. இரண்டாவது முறை தலையாட்டினேன். அவன் ஒவ்வொரு முறை விழுந்து எழும்போதும் அவள் அதே கதையை அதே சொற்களில் மறுபடி தொடங்கினாள். ஐந்தாவதோ ஆறாவதோ முறை, நான் பொத்தானை அழுத்தித் தாண்டினேன். நான்! கதைக்காக வாதாடிய நான்.

ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னால் கேட்பவருக்கு எப்படி இருக்கும் என்பதை அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன். உன் வேலைக்கு இது பயன்படுமா என்று தெரியவில்லை. எனக்குக் கொஞ்சம் பயன்பட்டது.

பெரியம்மா ஆசி சொன்னாள்.

பெரியப்பா

*

மார்ச் 13

பெரியப்பா,

வணக்கம். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். இந்த வாரம் இசை அமைப்பவரை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். மேசையில் அவருடைய தேநீர்க் கோப்பை இன்னும் கழுவாமல் இருக்கிறது. அடுத்தது யார் என்று யாரும் பேசுவதில்லை. எல்லோரும் என்னிடம் கொஞ்சம் கூடுதலாக அன்பாக இருக்கிறார்கள், அதிலேயே தெரிந்துவிடுகிறது. தாய் சொல்லும் கதைகளைப் பாதியாகக் குறைத்தேன். அப்புறம் அதிலும் பாதி. அப்படியும் தாண்டுகிறார்கள். "மழை விட்டும் தூவானம் விடலையே" என்கிறார் மாஸ்டர்.

ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை.

நேற்று உங்கள் வீட்டுக்குத் தொலைபேசினேன். உங்களுக்குத் தொலைபேசியில் பேச்சு வராது, மணி அடித்தாலே கையைத் துடைத்துக்கொண்டு நிற்பீர்கள் என்று தெரியும். ஆனாலும் மனசு கேட்கவில்லை. பெரியம்மாதான் எடுத்தார்கள். நான் யார் என்று சொல்வதற்குள், ரொம்ப மரியாதையாக, அந்நியரிடம் பேசுவதுபோலச் சொன்னார்கள்:

"எங்க வீட்டுக்காரர் வெளிய போயிருக்காருங்க, இப்ப வந்துடுவாரு. இங்க ஒரு பெரியவர் இருக்காரு. பாவம், நல்ல மனுஷன். அவர்கிட்ட பேசறீங்களா?"

பிறகு இணைப்பு போய்விட்டது. நீங்கள்தான் வைத்தீர்கள் என்று நினைக்கிறேன்.

பெரியப்பா, அந்தப் பெரியவர் யார்?

கைவலி, ஆசி சொன்னாள் என்று எத்தனை கடிதமாக மென்று விழுங்குகிறீர்கள்? பாதிக் கதையைச் சொல்லி, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று நிறுத்த நான் என்ன டிக்கெட் வாங்கி வருபவளா?

வாலு

*

ஏப்ரல் 19

அன்புள்ள மகளுக்கு,

இந்தக் கடிதத்துக்கு வரிசைப் பட்டியல் இல்லை. போட்டுப் பார்த்தேன், முதல் எண்ணுக்குப் பிறகு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. மன்னித்துக்கொள்.

அந்தப் பெரியவர் நான்தான்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் உன் பெரியம்மாவுக்கு மறதி தொடங்கியது. முதலில் சாவியை வைத்த இடம், பிறகு தெருவின் பெயர், பிறகு உன் அப்பா இறந்தது. மூன்று முறை அதை அவளிடம் சொன்னேன்; மூன்று முறையும் அவள் புதிதாக அழுதாள். நான்காவது முறை கேட்டபோது தம்பி வேலைக்குப் போயிருக்கிறான் என்றேன். மூளையில் நினைவு தேய்ந்துகொண்டே போகும் நோய் என்று மருத்துவர் சொன்னார். தேய்ந்தது திரும்புமா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார். இப்போது என்னையும் தெரியவில்லை. அவளுடைய வீட்டுக்காரர் கறுத்த தலைமுடி உள்ள ஆள்.

தொல்லை ஒன்றும் இல்லை. மரியாதையாகத்தான் நடத்துகிறாள். சில சாயங்காலங்களில் மட்டும், "நேரமாச்சுங்க, உங்க வீட்டுல தேட மாட்டாங்களா?" என்பாள். நான் சரி என்று சொல்லிச் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய், தையற்காரம்மாவின் கடையில் சற்று உட்கார்ந்துவிட்டு வந்து கதவைத் தட்டுவேன். சில நாள் அது போதும். சில நாள், "மறுபடி வந்துட்டீங்களா!" என்பாள்.

உனக்கு எழுதாததற்குக் காரணம், எழுதினால் நடந்தது ஆகிவிடும் என்ற அச்சம். வேறு நல்ல காரணம் கிடைக்கவில்லை.

தினமும் மாலையில் அவளுக்கு எங்கள் கதையைச் சொல்கிறேன். பெண் பார்க்கப் போனது, முதல் வாடகை வீடு, நீ பிறந்ததும் உன்னைத் தூக்கிக்கொண்டு தரமாட்டேன் என்றது, எல்லாவற்றையும் வரிசையாக. ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் எங்காவது ஓரிடத்தில் பிடித்துக்கொள்வாள் என்று. எல்லாம் போன பிறகும் நிற்பது கதைதான் என்று எழுதினேன் அல்லவா? உங்கள் மாஸ்டர் சரியாகச் சொன்னார். அது கத்தரிக்காக எழுதியது அல்ல.

பிடித்துக்கொள்ளவில்லை. கேட்கிறாள், அவ்வளவுதான். உன் விளையாட்டில் நான் அழுத்திய அந்தப் பொத்தான் அவளிடம் இருந்திருந்தால் அழுத்தியிருப்பாள்.

ஒன்று நடந்தது. சென்ற வாரம் மருந்துக் கடைக்குப் போகும்போது அவளையும் அழைத்துச் சென்றேன். தனியே விட முடியாது. வழியெல்லாம், "நீங்க எந்தப் பக்கம் போகணும்? என்னை முனையில விட்டுடுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். சாலையைக் கடக்க நின்றோம். நான் வழக்கம்போல் எதையோ நினைத்துக்கொண்டு காலை எடுத்து வைத்துவிட்டேன். திருப்பத்திலிருந்து ஒரு சரக்கு வண்டி. நான் பார்க்கவில்லை. என் மார்பில் குறுக்கே ஒரு கை வந்து அறைந்தாற்போல் விழுந்தது. இரண்டடி பின்னால் தள்ளியது. வண்டிக்காற்று முகத்தில் அடித்தது.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது போனதும் கையை எடுத்துக்கொண்டு, "முனை வந்துடுச்சா?" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து சாலை கடக்கும்போதெல்லாம் அவள் இப்படித்தான். நான் கனவில் நடப்பவன். அவள் கை நீட்டுபவள். எனக்கு அது ஒரு காட்சியாகவே பட்டதில்லை. சுருக்கம் எழுதியிருந்தால் விட்டிருப்பேன்.

இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. நடந்ததைக் குறித்தேன்.

பெரியப்பா

*

ஏப்ரல் 27

பெரியப்பா,

படித்துவிட்டு அலுவலகக் கழிப்பறையில் போய் அழுதேன். பிறகு உங்கள்மேல் கோபம் வந்தது. பிறகு அந்தச் சரக்கு வண்டிக்காரன்மேல். நீங்கள் தனியாக எப்படிச் சமாளிக்கிறீர்கள்? சோதனை முடிந்ததும் அடுத்த வண்டியிலேயே வருகிறேன். வேண்டாம் என்று எழுதினாலும் வருவேன், தபால் மெதுவாகத்தானே போகிறது.

இப்போது கேட்கப்போவதைக் கேட்க எனக்கே கூச்சமாக இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் அந்தச் சாலையை மட்டும் மாஸ்டரிடம் சொன்னேன். யார், என்ன உறவு என்று சொல்லவில்லை. அவர் முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டார். பிறகு நான் கேட்டேன்: "மாஸ்டர், நம்ம கேம்ல அந்த அம்மாவுக்கு மகனையே மறந்து போச்சுன்னு வெச்சுக்கலாமா? பேச்சே வேண்டாம். யாரோ ஒரு சிப்பாய் கூட வர்றான்னு நினைச்சுக்கிட்டு நடக்கறாங்க. ஆனா அவன் பாக்காத பக்கத்துலேருந்து அடி விழும்போது மட்டும்..."

"அந்தம்மாவுக்குச் சண்டை தெரியுமா?"

"தெரியாது. கை மட்டும் நீட்டுவாங்க."

"நீட்டிட்டு?"

"ஒண்ணுமில்ல. கையை எடுத்துக்கிட்டு நடப்பாங்க."

மாஸ்டர் எழுந்து, மடங்காத காலோடு, அந்தக் கையை அவரே நீட்டிப் பார்த்தார். ஒரு முறை வேகமாக. ஒரு முறை தாழ்வாக. "இதுல ஸ்கிப் பண்ண என்ன இருக்கு? சண்டைக்குள்ளயே இல்ல இருக்கு" என்றார்.

இது உங்கள் வீட்டு விஷயம். உங்கள் அனுமதி இல்லாமல் செய்யமாட்டேன். ஆனால் மே இறுதிக்குள் கையில் வேறொன்றும் இல்லை, பெரியப்பா. சீக்கிரம் எழுதுங்கள்.

பெரியம்மாவின் கையை என் சார்பில் ஒரு முறை பிடித்துக்கொள்ளுங்கள்.

வாலு

*

மே 21

இக்கடிதத்தில் உள்ளவை:
1. நலம்.
2. நான் செய்த ஒரு சோதனை.
3. அதன் முடிவு.
4. ஆகவே வேண்டாம்.

அன்புள்ள மகளுக்கு ஆசிகள். இருவரும் நலம், இம்முறை உடம்பை மட்டும் சொல்கிறேன். நீ வருவதாக எழுதியது அவளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

நீ கேட்டதற்கு உடனே சரி என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் ஒரே ஒரு முறை நடந்ததை நம்பி நீ உன் வேலையைப் பணயம் வைக்கலாமா? தற்செயலாக இருந்தால்? நான் பொறுப்பேற்க வேண்டாமா? ஆகவே சோதித்துப் பார்க்க முடிவு செய்தேன்.

அதே முனை. அதே நேரம். அவளை அருகில் நிறுத்திக்கொண்டு, வண்டி ஏதும் வராதபோது, கவனமின்றி நடப்பவன்போல் காலை எடுத்து வைத்தேன். அவள் கை வரவில்லை. மறுநாள், தொலைவில் ஒரு வண்டி வரும்போது வைத்தேன். வரவில்லை. மூன்றாம் நாள் கொஞ்சம் நெருக்கத்திலேயே வைத்தேன். வண்டிக்காரர் திட்டிவிட்டுப் போனார். உன் பெரியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏங்க, எதுக்கு இப்படி நடிக்கறீங்க?" என்றாள்.

மருந்துக் கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்துவிட்டோம்.

ஆகவே அன்று நடந்தது தற்செயல். அவள் ஏதோ கையை வீசியிருக்கலாம். எனக்கு வேண்டும் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டேன். இல்லாத ஒன்றை உலகத்துக்கு நீ காட்டவேண்டாம். மிகுந்த வருத்தத்துடன் எழுதுகிறேன்: வேண்டாம்.

பெரியப்பா

*

ஜூன் 4

அன்புள்ள பெரியப்பாவுக்கு வணக்கம்.

உங்கள் 'வேண்டாம்' சோதனைக்கு மறுநாள்தான் வந்து சேர்ந்தது. அதற்குள் செய்துவிட்டேன். அனுமதி இல்லாமல் செய்யமாட்டேன் என்று எழுதியவள் நான்தான். மன்னிப்புக் கேட்கிறேன். சோதனைக்குக் காட்டக் கையில் வேறொன்றும் இல்லை. கடைசிவரை உங்கள் தபாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். வந்தவர்களில் ஒருவர் பேருந்து ஓட்டுநர். கனத்த பெண்மணி. விரல் பொத்தான்மேலேயே இருந்தது, எது வந்தாலும் தாண்ட. தொடக்கத்தில் அந்த அம்மா மகனை யாரோ என்பதுபோல் பார்த்துவிட்டு நடப்பதோடு சரி; தாண்டுவதற்குத்தான் ஒன்றுமில்லையே. பாலம் தாண்டி, கணவாயில் கொள்ளையர்கள் வந்தார்கள். அவர் முன்னால் இருந்தவனோடு மும்முரமாக வாள் வீசிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து கோடரி. அந்த அம்மாவின் கை குறுக்கே வந்து, அவரைத் தள்ளியது. கோடரி பாறையில் பட்டது.

ஓட்டுநர் விளையாட்டை நிறுத்திவிட்டார். "இருங்க இருங்க. இந்தம்மாவுக்கு இவன் யாருன்னே தெரியாதே. அப்புறம் எதுக்குக் கை நீட்டினாங்க?"

கத்தரி கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்களுக்குத் தெரியல. கைக்குத் தெரியுது" என்று ஓட்டுநரே சொல்லிக்கொண்டு, கட்டுப்பாட்டுக் கருவியை மறுபடி எடுத்தார். அதற்கப்புறம் ஒரு காரியம் செய்தார். அதுவரை ஓடிக்கொண்டே இருந்தவர், அந்த அம்மாவின் நடைக்கு நடந்தார். நாங்கள் யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

நான் ஜெயித்தேன் என்று நினைக்காதீர்கள். சோதனைக்காக நான் எடுத்துவைத்திருந்த பேச்சு முழுவதையும் கத்தரி நிரந்தரமாகவே வெட்டிவிட்டார், பிறந்த கதை உட்பட. கதைப் பிரிவையே எடுத்துவிட்டார். "அந்தக் கை மட்டும் இருக்கட்டும். நீ இனிமே மாஸ்டர்கிட்ட வேலை பாரு" என்றார். இன்று முதல் நான் சண்டை உதவியாளர். அந்த அம்மாவுக்காக நான் எழுதியதில் இது ஒன்றுதான் மிஞ்சியது; இதில் ஒரு சொல்கூட இல்லை. வேலை இருக்கிறது. களைப்பாகவும் இருக்கிறது.

உங்கள் சோதனையைப் பற்றி மாஸ்டரிடம் கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார், பிறகு சொன்னார்: "நாப்பது வருஷம் பொய்யா விழுந்தவன்மா நான். பொய்யா விழுந்தா எங்க அம்மாகூட பிடிக்க வந்ததில்ல. அவங்களுக்குத் தெரியும்."

ஆனாலும் இது உங்களுடையது. இம்மாத இறுதிக்குள் விளையாட்டை மூடி முத்திரை வைத்துவிடுவார்கள். எடுத்துவிடு என்று ஒரு வரி எழுதுங்கள், எடுத்துவிடுகிறேன். அதோடு எனக்கு இங்கே வேலை இருக்காது என்பதை மறைக்கவில்லை. ஆனால் அதற்காகச் சரி என்று சொல்லவேண்டாம்.

பத்தாம் தேதிக்குப் பிறகு எந்த நாளும் வருவேன்.

வாலு

*

ஜூன் 8

அன்புள்ள மகளுக்கு,

ஆசிகள். வருவது நல்லது. தையற்காரம்மாவிடம் கூடுதல் மெத்தை ஒன்று கேட்டிருக்கிறேன். கேட்பதற்கு இரண்டு நாள் ஆயிற்று.

எடுக்கவேண்டாம். அந்தக் கை இருக்கட்டும். உன் வேலைக்காகச் சொல்லவில்லை. அதற்காகவும்தான்.

நேற்று மாலை வழக்கம்போல் எங்கள் கதையை அவளுக்குச் சொன்னேன். நேற்று நன்றாக வந்தது, எனக்கே தெரிந்தது. ஒரு தேதியும் தவறவில்லை. முதல் வீட்டின் ஒழுகும் கூரை, உனக்கு அம்மை போட்டபோது அவள் வாசலிலேயே படுத்துக்கிடந்தது, நான் ஓய்வு பெற்ற நாளில் அவள் சொன்ன கேலி, எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. அவள் கன்னத்தில் கைவைத்துக் கடைசிவரை கேட்டாள். முடித்ததும் பெருமூச்சு விட்டாள்.

"நல்ல கதைங்க. பாவம் அந்த மனுஷன், ஒண்ணும் தெரியாதவர் மாதிரி இருக்கே. அந்தம்மா இல்லேன்னா என்ன ஆயிருப்பாரு?" என்றாள். பிறகு, "அந்தம்மா இப்ப எங்க இருக்காங்க?" என்று கேட்டாள்.

கதையை எங்கே நிறுத்துவது என்று மட்டும் தெரிந்து பழகியவன் நான். இந்த இடத்துக்கு ஒரு வரி என்னிடம் இல்லை.

அப்போதுதான் பார்த்தேன். என் சட்டையின் பொத்தான்களை நான் ஒன்று மாற்றி ஒன்றில் போட்டிருக்கிறேன். காலர் ஒரு பக்கம் ஏறி நின்றது. அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் கைகள் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி, சரியான துளைகளில் போட்டுக்கொண்டிருந்தன. மேலிருந்து கீழே. கண்கள் என் முகத்தில், அந்தம்மா எங்கே என்ற கேள்வியோடு. கைகள் தம் வேலையில். காலரை இழுத்துவிட்டு, தோளில் இரண்டு முறை தட்டிவிட்டன. நான் அலுவலகம் புறப்படும் காலைகளில் தட்டுவதுபோல.

"எங்க போயிருக்காங்க?" என்று மறுபடி கேட்டாள்.

"இங்கதான், பக்கத்துல" என்றேன்.

ஜனவரியில் எழுதிய மூன்று கருத்துகளில் முதல் இரண்டைப் பற்றி இன்னும் யோசிக்கிறேன். மூன்றாவது தவறு.

பெரியப்பா